போனில் திறக்காத இணையதளத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்:
ஜெராக்ஸ் மற்றும் ஆன்லைன் சேவைக் கடைக்காரர்,
வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
இணையதள வடிவமைப்புப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
(துறையின் பெயரை எழுதவில்லை, படித்தால் தங்களுக்கே தெரிந்துவிடும்.)

பொருள்: தங்கள் இணையதளம் கைபேசியில் சரியாகத் திறக்காமல் இருப்பது – நன்றி தெரிவித்தல் – இந்நிலை நீடிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தளத்தின் முகப்பில் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும் அறிவிப்பு. (இதுவரை முழுதாகப் படித்து முடிக்க வாய்க்கவில்லை.)

ஐயா / அம்மா,

வணக்கம். வடக்கனந்தலிலிருந்து கடிதம் என்றதும் ஏதோ குறைதீர் மனு என்று நினைத்து ஓரமாக வைத்துவிட வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. கடை நன்றாக ஓடுகிறது. ஓடுவதற்குக் காரணம் தாங்கள் என்பதால் முறையாக நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இன்று போன் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டையும் அப்படித்தான் தேட வேண்டும். ஆகவே அரசு தளம் எதுவானாலும் போனில்தான் திறப்பார்கள் என்று ஒரு சாதாரண ஆள் யோசித்திருப்பான். தாங்கள் அப்படி யோசிக்கவில்லை. அங்கேதான் என் பிழைப்பு தொடங்குகிறது.

போன வாரம் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வெள்ளிமலை பஸ்ஸில் மலை வளைவெல்லாம் சுற்றி இறங்கி, கச்சிராயபாளையத்தில் விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தவர். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த போன் கையில் இருந்தது. கடுக்காய் விற்ற காசை அதில்தான் ஜிபேயில் வாங்குகிறார். பேத்திக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுகிறார். யூடியூபில் சாமி பாட்டு கேட்கிறார். தங்கள் தளத்தில் ஒரு விண்ணப்பம் மட்டும் போட முடியவில்லை. “எனக்குப் படிப்பு பத்தலப்பா” என்றார். கவனியுங்கள், தவறு தன்னுடையது என்றே அவர் நம்புகிறார். இந்த அளவுக்கு மக்களைப் பக்குவப்படுத்தி வைத்திருக்கிறீர்கள்.

போனை வாங்கிப் பார்த்தேன். முழுப் பக்கமும் எறும்பு வரிசை மாதிரி திரையில் அடங்கியிருந்தது. இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெரிதானது. பாதி படிவம் வெளியே போனது. பிறந்த தேதிக் கட்டத்தைத் தொட்டதும் ஒரு நாட்காட்டி திறந்தது. தட்டச்சு செய்ய அனுமதி இல்லை, அம்புக்குறியை அழுத்தி அழுத்தித்தான் பின்னால் போக வேண்டும், அதுவும் மாதம் மாதமாக. அம்மாவின் ஆதாரில் 1961 ஜனவரி 1. மலையில் பலருக்கு ஜனவரி 1 தான் பிறந்தநாள், அது வேறு கதை. 1961-க்குப் போய்ச்சேர 700 தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். அம்மா பஸ்ஸில் வரும்போதே அழுத்தத் தொடங்கி தொண்ணூறுகள் வரை வந்துவிட்டாராம். அங்கே ‘தங்கள் அமர்வு காலாவதியானது’ என்று ஒரு பெட்டி. மறுபடி முதலிலிருந்து.

பெயர்க் கட்டம் இன்னும் அருமை. தமிழில் பெயர் போட்டால் ‘சிறப்புக் குறியீடுகள் அனுமதிக்கப்படாது’ என்கிறது. கடைக்கு வரும் ஒரு பையன், சாப்ட்வேர் படித்தவன், காரணம் சொன்னான். யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் ‘எழுத்து’ என்ற வகையில் சேராமல் ‘குறி’ என்ற தனி வகையில் இருக்கின்றனவாம். ‘எழுத்து மட்டும் விடு’ என்று நிரல் எழுதினால் புள்ளி வைத்த பெயரெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். தமிழ்நாட்டு அரசுத் தளத்தில் முருகம்மாள் என்று எழுத முடியாது. 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்ற அரசு நம்முடையது என்பதை நினைத்தால் தங்கள் துணிச்சலுக்குத் தலை வணங்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் போனில் பக்கம் சுருங்கிப்போவதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லையாம். 2007-இல் ஐபோன் வந்தபோது உலகத்துத் தளங்களெல்லாம் கம்ப்யூட்டருக்காகவே கட்டப்பட்டிருந்தன. அவற்றைத் திரைக்குள் அடக்க, தான் 980 பிக்சல் அகலம் என்று அந்தப் போன் பொய் சொல்லிக்கொண்டது. மற்ற போன்களும் கிட்டத்தட்ட இதே வித்தையைப் பிடித்துக்கொண்டன. ‘பொய் வேண்டாம், உன் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்’ என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதினால் போன் அடங்கிவிடும். பிறகு கட்டங்களை அகலத்துக்கு ஏற்ப ஒன்றன்கீழ் ஒன்றாக மடிய விட வேண்டும். இந்த முறைக்கு ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்கர் பெயர் வைத்து விளக்கிக் கட்டுரை எழுதியது 2010-இல். தாங்கள் அந்த ஒரு வரியைக்கூட எழுதாமல் இத்தனை வருஷம் காத்து வந்திருக்கிறீர்கள்.

எனக்குக் கவலை தருவது நம் மாவட்டத் தளம்தான். தேசிய தகவலியல் மையம் மாவட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு கட்டமைப்பைக் கொடுத்திருக்கிறது. 2019-இல் பிறந்த நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் அதே அச்சுதான். அது போனில் ஒழுங்காகத் திறக்கிறது! அரசாலும் முடியும் என்று மக்களுக்குத் தெரிந்துபோனால் என்னாவது? அந்தப் பக்கம் பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்வையற்ற தம்பி ஒருவன் அடிக்கடி வருவான். பட்டப்படிப்பு முடித்தவன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் பேசும் வேகத்தைக் கேட்டால் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது; அவன் அதைக் கேட்டுக்கொண்டே என்னைவிட வேகமாகப் போனில் வேலை பார்ப்பான். தங்கள் தளத்தில் மட்டும் அது ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்கிறது. எந்தப் பட்டன் என்று தாங்கள் எழுதி வைக்கவில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசிப் படி வரை போய்விடுவான். அங்கே கோணல்மாணலாக ஐந்து எழுத்து உள்ள ஒரு படம். ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கவும்’. அந்த ஐந்து எழுத்தை வாசித்துச் சொல்வதற்காகத்தான் என்னிடம் வருகிறான். அதற்கு நான் காசு வாங்குவதில்லை. வாங்கலாமா என்று தாங்கள் தெளிவுரை வழங்கினால் நல்லது. முகப்பில் ‘அ+ அ–’ என்று எழுத்தைப் பெரிதாக்கும் பட்டன்கள் வைத்திருக்கிறீர்களே என்று அவனிடம் எடுத்துச் சொன்னேன். சிரித்தான்.

சுற்றறிக்கைகள் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டச்சு செய்து, அச்சடித்து, முத்திரை வைத்து, கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றுகிறீர்கள். போன் அதை வெறும் படமாகத்தான் பார்க்கும். வாசித்துக் காட்டாது, தேடினால் அகப்படாது. ஸ்கேன் செய்யாதவை பழைய வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. இரண்டுக்கும் மக்கள் என்னிடம் வந்து பிரிண்ட் எடுக்கிறார்கள். டோனர் செலவு போக மிச்சம் நிற்கிறது.

இப்போது ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2009-லேயே வெளியிட்டது. 2023-இல் மூன்றாம் பதிப்பு. அதுவரை பயம் இல்லை, வழிகாட்டிதானே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன்கீழ் வந்த விதி 15(1) தரங்களைப் பரிந்துரை மாதிரியே வைத்திருந்தது; சட்டம் கட்டாயம் என்கிறபோது விதி பரிந்துரையாக இருக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்துவிட்டது. வழக்குப் போட்ட ராஜீவ் ரத்தூரி பார்வைக் குறைபாடு உள்ளவர், போட்டது 2005-இல். அடுத்தது அதே நீதிமன்றத்தில், 2025 ஏப்ரல் 30. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களை வங்கிக் கணக்குக்காக ‘கண் சிமிட்டுங்கள்’ என்று கேமரா கேட்டது பற்றிய வழக்கு. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பு. அமர்வில் இருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர். மகாதேவன்; இந்தப் பக்கத்து நிலைமை தெரியாதவர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

உலக நெறிமுறைகளையும் யாராவது தங்கள் மேசையில் வைக்கக்கூடும். 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டுமாம். நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லி, நீட்டித்துக்கொள்ள 20 வினாடியாவது தர வேண்டுமாம். தங்கள் தளம் எச்சரிக்கை எதுவும் தராமல் வெளியே தள்ளுவதில் இருக்கிற கம்பீரம் அவர்களுக்குப் புரியாது.

நெருக்கடி முற்றினால் தளத்தைத் திருத்திவிடாமல், ஒரு ஆப் விடுங்கள். விழா வைத்து வெளியிடுங்கள். அந்தக் கரியாலூர் அம்மாவின் போனில் அதற்கு இடம் இருக்காது, மறுபடியும் என்னிடம்தான் வருவார். விண்ணப்பத்துக்கு நூறு ரூபாய், பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி. இதையெல்லாம் தங்கள் துறையின் சேமிப்புக் கணக்கில் எழுத வேண்டியதில்லை. தங்களுக்கு ஒரு பைசா செலவு ஆகவில்லை.

கடைசியாக ஒன்று. ஆய்வுக் கூட்டங்களில் தளத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டுவதை அப்படியே தொடருங்கள். யாராவது மேலதிகாரி தன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ‘இதில் திறந்து காட்டுங்கள்’ என்று கேட்டுவிட்டால், சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். எங்கள் மலையின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் உடனே நம்பிவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் தளத்தால் பிழைக்கும்,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
வடக்கனந்தல்.