கொடியில்லாத் தீவு: கடல்மேல் வில்லாவில் ஈரத்துணி குறித்து ஓர் ஆய்வு

மாலத்தீவில், கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய வில்லா ஒன்றில் நாலு ராத்திரி தங்கி, ஒரே ஒரு ஈரப் பனியனை உலர்த்த முயன்றதன் விளைவு இக்கட்டுரை. அவ்வகை வில்லாவில் தங்கி வந்தவர்கள் கண்ணாடித் தரையைப் பற்றிச் சொல்வார்கள். நீச்சல் தொட்டியில் மிதந்து வரும் காலைச் சாப்பாட்டுத் தட்டைப் பற்றிச் சொல்வார்கள். துணியை எங்கே காயப்போட்டீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த மௌனமே இந்த ஆய்வுக்குத் தூண்டுதல்.

முதலில் சொல்லாராய்ச்சி. கொடி என்பது பலபொருள் ஒருசொல். படர்வதும் கொடி, பறப்பதும் கொடி. அரையில் கட்டுவது, தாலி கோப்பது, பிறந்தவுடன் அறுப்பது எல்லாம் கொடியே. இங்கே கொள்ளும் பொருள், இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணிக்கயிறு மட்டும். நான் தங்கிய தீவின் படகுத்துறையில் நாட்டுக்கொடி பறந்தது. வரவேற்புக் கூடத்து வாசலில் பூங்கொடி படர்ந்திருந்தது. வில்லாவுக்குள்ளோ ஓர் ஆணிகூட இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிய குளியலறை. இரண்டு வாஷ்பேசின், கடலைப் பார்த்தபடி ஒரு தொட்டி, நாலு அளவில் துண்டுகள். தொங்கவிடக் கம்பி உண்டு. அதில் துண்டுகளே நெருக்கியடித்துத் தொங்கின.

அடுத்து திணை. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்பது மரபு. கடலுக்கு மேலே ஆளுயரத்தில் ஏசி போட்டுப் படுத்திருப்பது எத்திணை? காலுக்குக் கீழே மீன் ஓடுவதால் நெய்தல் என்பர் ஒருசாரார். அது போதாது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இங்கே பில் வரும்வரை அது தலைகாட்டுவதில்லை, வந்தபின் அதைத் தவிர வேறெதுவும் தோன்றுவதில்லை. ஆகவே நெய்தலே என்க.

இவ்வகை வீட்டின் பிறப்பு சுவாரசியமானது. 1967-ல் பிரெஞ்சு பாலினீசியாவின் ராயத்தேயா தீவில் மூன்று அமெரிக்கர்கள் ஹோட்டல் நடத்தினார்கள். அவர்களுக்கு வாய்த்த இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி மணற்கரை இல்லை. கரை இல்லாவிட்டால் என்ன, தண்ணீரிலேயே கட்டுவோம் என்று கால் நட்டார்கள். இல்லாமையை மூடி மறைக்கச் செய்த வேலை ஆடம்பரத்தின் உச்சமாகிவிட்டது. 1972-ல் முதல் ரிசார்ட் திறந்த மாலத்தீவு, பிற்பாடு அதைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. மணலுக்கு அங்கே பஞ்சமில்லை. பிறகு துணியை மணலிலேயே விரிக்கலாமே எனின், அற்றன்று. அந்த வெள்ளை மணலில் கணிசமான பங்கு, கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, கழித்தது. இதை நான் ஒரு புத்தகத்திலிருந்து படித்துக் காட்டியது தவறு. வெளுத்த துணியை அதன்மேல் விரிக்க என் மனைவி சம்மதிக்கவில்லை.

இனி காற்று. நான் போனது பிப்ரவரி. வடகிழக்கிலிருந்து காற்றடிக்கும் உலர் பருவம், மாலத்தீவின் திவெஹி மொழியில் இருவை. தலைக்கு நேரே நிலநடுக்கோட்டு வெயில். மொட்டைமாடி வைத்திருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் பொறாமைப்படக்கூடிய சூழல். ஆனால் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, கூடவே உப்பும் வருகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. மதியம் மொடமொடவென்று காய்ந்த பனியன் ராத்திரி மறுபடி பிசுபிசுக்கிறது. கடல்நீரின் உப்பை இயந்திரம் நீக்கிக் குழாயில் அனுப்புகிறது. அந்த நீரால் துணியின் உப்பை நான் நீக்குகிறேன். காற்று வந்து திரும்பப் பூசிவிட்டுப் போகிறது.

நேரத்தைக் குறிப்பதிலும் சிக்கல். விருந்தாளிக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று சில தீவுகள் தலைநகர் மாலேயைவிடக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்திருக்கின்றன. எங்கள் தீவும் அப்படி. நான் பனியனைக் காயப்போட்டது தீவுக் கணக்கில் காலை 10 மணி, மாலேயில் 9, என் கைக்கடிகாரத்தில், அதாவது இந்திய நேரத்தில், 9.30. சூரியன் எந்தக் கணக்கில் காய்ந்தது என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.

ஆய்வின் மையப் புதிர் இனிமேல்தான். 1343-ல் வந்து இத்தீவுகளில் காஜியாக இருந்த பயணி இப்னு பதூதா, இங்கே திரித்த கயிற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறப்போட்டு, அடித்து, பெண்கள் கயிறாகத் திரிப்பார்கள். அந்தக் கயிறு இந்தியா, சீனா, ஏமன் வரை போகும். அதைக் கொண்டு கப்பல் பலகைகளையே தைப்பார்கள். உலகுக்கே கயிறு கொடுத்த நாடு. அங்கே எனக்கு ஒரு முழம் கிடைக்கவில்லை. (பெண்களை மேலாடை போடவைக்க அவர் உத்தரவிட்டுத் தோற்றதும் அவர் குறிப்பில் உண்டு. துணி விவகாரம் அங்கே பழையது.) ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி வென்றதாகச் சொல்லும் பன்னிரண்டாயிரம் பழந்தீவுகள் இவையே என்பது வரலாற்றாசிரியர் கொள்கை. இன்றைய எண்ணிக்கை 1,192. மீதி 10,808 எங்கே போயின என்பது வேறு ஆய்வு.

சலவைக்குப் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். மேஜை இழுப்பறையில் விலைப்பட்டியல் இருந்தது. பனியன் ஒன்றைத் துவைக்கும் கூலியில் திருப்பூரில் மூன்று புதுப் பனியன் எடுக்கலாம். அதற்குமேல் 10 சதவீத சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 17 சதவீத வரி.

எனவே பரிசோதனையில் இறங்கினேன். ஏசிக்கு எதிரே நாற்காலி முதுகில்: காலையில் குளிர்ந்திருந்தது, காயவில்லை. தலைமுடி உலர்த்தும் கருவி: பத்தாவது நிமிடத்தில் அது தானாக அணைந்தது. மாடத்தில் சாய்வு நாற்காலிமேல்: அரை மணியில் தொலைபேசி ஒலித்தது. மிகப் பணிவான குரல், "தங்கள் மாடத்தில் ஏதோ மறந்து கிடப்பதுபோல் தெரிகிறது, உள்ளே எடுத்து வைக்க ஆள் அனுப்பட்டுமா?" என்றது. பக்கத்து வில்லாத் தம்பதி எடுத்த படத்தில் என் பனியன் விழுந்திருக்கும் போல. அந்த மாடத்தில் மனிதர் இருக்கலாம். மனிதர் வாழ்கிற அடையாளம் இருக்கக் கூடாது.

"என்னங்க, பேசாம ஈரத்தோட பைல சுருட்டிக்கலாம். ஊர்ல போய்க் காயப்போடறேன்" என்றாள் மனைவி. ஆய்வு மனப்பான்மை இல்லாத பேச்சு.

மூன்றாம் நாள், கடலில் இறங்கும் ஏணியின் கைப்பிடியில் கட்டினேன். யார் கண்ணிலும் படாத இடம். காற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டது. கண்ணாடித் தரை வழியே பார்த்தபோது பனியன் கைவிரித்து மெல்லப் போய்க்கொண்டிருந்தது. துடுப்பு நுனி கறுத்த சுறாக்குட்டி ஒன்று அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு விலகிப் போனது.

அறை சுத்தம் செய்ய வந்த தம்பிதான் இறங்கி எடுத்து வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "அண்ணாச்சி, மொதல்லயே எங்கிட்ட தந்திருக்கலாம்லா" என்றார். பிழிந்துகொண்டே சொன்னார்: தீவின் நடுவில், தென்னையும் புதரும் மறைத்த வேலிக்குப் பின்னால், வேலையாட்கள் குடியிருப்பு இருக்கிறது, அங்கே வரிசை வரிசையாகக் கொடி. நீல நைலான் கயிறு. ஊரிலிருந்து மாலேவுக்குக் காய்கறி ஏற்றி வரும் தோணியில் வந்ததாம்.

பார்க்க வரலாமா என்று கேட்டேன். விருந்தாளிகளுக்கு அங்கே அனுமதியில்லை என்றார்.

மறுநாள் காலை பனியன் நாலாக மடிந்து வந்தது. காய்ந்திருந்தது. இரண்டு தோளிலும் கிளிப் கடித்த தடம் இருந்தது.