பிழை விழுங்கியார்

எல்லா மென்பொருள் ஆபீஸிலும் ஒரு பிழை விழுங்கியார் இருப்பார். ப்ரொடக்‌ஷன் சர்வர் படுத்து, மேனேஜர் முதல் ட்ரெய்னி வரை பேயறைந்த மாதிரி நிற்கும்போது, கேன்டீனில் இரண்டாவது வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருப்பாரே, அவர்தான். "என் மாட்யூல்ல இதுவரைக்கும் ஒரு எரர் வந்ததில்ல சார்" என்பார். வாஸ்தவம்தான். வர விட்டால்தானே?

விஷுவல் பேசிக் காலத்திலேயே 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற ஒற்றை வரியில் தீட்சை பெற்றவர். தப்பு நடந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். இன்று ஜாவா எழுதுகிறார், கொள்கை மாறவில்லை. புரோகிராமைத் திறந்தால் திரும்பிய பக்கமெல்லாம் 'ட்ரை', 'கேட்ச்'. பிழையைப் பிடிக்க வேண்டிய கேட்ச்சுக்குள்ளே எட்டிப் பார்த்தால் வெட்டவெளி. சில இடங்களில் மட்டும் 'இது வராது' என்று ஒரு கமென்ட். வராததைப் பிடிக்க எதற்கு ஆள் நிறுத்தினார் என்று கேட்கக் கூடாது.

விலை வரவில்லையா? பூஜ்யம். பிறந்த தேதி காலியா? அதற்கும் பூஜ்யம். கம்ப்யூட்டர் கணக்கில் அது 1970 ஜனவரி 1, இந்திய நேரம் காலை ஐந்தரை மணி. அவர் புண்ணியத்தில் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தப் பிரம்ம முகூர்த்தத்தில் அவதரித்தவர்கள். வருஷா வருஷம் புத்தாண்டன்று அத்தனை பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்து போகும்.

பக்கத்து சீட்டுப் பெண் இவருக்கு நேர்மாறு. உள்ளே வரும் விவரம் கோணல் என்றால், எந்த வரி, என்ன மதிப்பு என்று சொல்லிவிட்டு அவள் புரோகிராம் அங்கேயே விழுந்துவிடும்.

"ஏம்மா இப்படி ஊரைக் கூட்டறே?"

"இப்பவே கத்தினா பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம் சார். உங்க தப்பு மார்ச் மாசக் கணக்கு முடிக்கறப்பதான் தெரிய வருது. எங்க ஆரம்பிச்சதுன்னு அப்ப யாரைக் கேக்கறது?"

அவள் சொன்னது வெறும் ஆபீஸ் கதையில்லை. 2020இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றினார்கள். அது 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. விழுங்கியாரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா, புரோகிராம் நிக்கல பாருங்க" என்றார்.

இவரைத் திருத்த முடியாது. அடுத்த முறை அவர் லீவில் போகும்போது, அந்தக் காலி கேட்ச்சுகள் ஒவ்வொன்றிலும் பிழையைப் பதியும் ஒரு லாக் வரியாவது எழுதிவிடுங்கள்.