கஜானா காலி, ஆல்பம் ஃபுல்

பெர்லினில் ஸ்பாண்டாவ் கோட்டை. அதற்குள் ஜூலியஸ் கோபுரம் என்று ஒரு குண்டுக் கோபுரம். 1871ல் பிரான்ஸைத் தோற்கடித்துக் கறந்த நஷ்ட ஈட்டில் 12 கோடி மார்க்கைத் தங்கக் காசாகவே 1,200 பெட்டிகளில் போட்டு, அந்தக் கோபுரத்தில் பூட்டி வைத்தது ஜெர்மனி. எதற்காம்? அடுத்த யுத்தத்துக்காம். பெண் குழந்தை பிறந்த அன்றே கல்யாண நகைக்குச் சீட்டு கட்ட ஆரம்பிக்கிற நம் ஊர் அம்மாக்கள் மாதிரி. நாற்பது வருஷம் பொத்திப் பொத்திக் காத்தார்கள். 1914ல் முதல் உலகப் போர் என்ற முகூர்த்தம் வந்தது, பெட்டியைத் திறந்தார்கள். பந்தல்காரனுக்குக் கொடுக்கவே பத்தவில்லை.

மாப்பிள்ளை வேறு யார், ஜெர்மனியின் சக்கரவர்த்தி கைசர் இரண்டாம் வில்ஹெல்ம்தான். ஒரே நாளில் பலமுறை யூனிஃபார்ம் மாற்றுகிற ஆசாமி. மரத்து இலைகள் உதிர்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று சிப்பாய்களுக்குச் சொல்லி அனுப்பியவர். எந்த வருஷத்து இலை என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அவர்கள் கேட்காவிட்டாலும், வீட்டில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. 1914 ஆகஸ்ட்டில், நோட்டைக் கொடுத்தால் தங்கம் தருகிற பழக்கத்தை ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்பாங்க் நிறுத்தியது. உடனே ஊரில் இருந்த தங்கக் காசும் வெள்ளிக் காசும் கூட்டாக மாயமாயின. எல்லாம் அரிசிப் பானைக்குள் போய்விட்டன. சரி, அங்கே உருளைக்கிழங்குப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் விடுமா? தேசபக்திப் பிரசாரம் ஆரம்பித்தது. வீட்டிலுள்ள தங்கச் சங்கிலியைக் கொண்டுவாருங்கள், பதிலுக்கு இரும்புச் சங்கிலி தருகிறோம், அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்ளுங்கள்! ஆச்சரியம் என்னவென்றால், நிஜமாகவே கொடுத்தார்கள். நம் ஊரில் 'நகைக்கு பாலிஷ் போட்டுத் தர்றேங்கம்மா' என்று வருகிறவன்கூட பாலிஷ் போடுவதாகப் பொய்யாவது சொல்லுவான். இவர்கள் இரும்புதான் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள்.

அடுத்து நிக்கலுக்கும் செம்புக்கும் சனி பிடித்தது. கவசத் தகட்டுக்கு நிக்கல் வேண்டும், பீரங்கிக் குண்டுக்குச் செம்பு வேண்டும். (ஜெர்மன் குண்டு எப்படி வெடிக்கும் என்று நமக்குத் தெரியும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் மெட்ராஸுக்கு வந்து நேரிலேயே டெமோ காட்டிவிட்டுப் போனது. 'அவன் பெரிய எம்டன்டா' என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) ஆக, நல்ல சில்லறைக் காசுகளை அரசாங்கம் உருக்க எடுத்துக்கொண்டு, இரும்பிலும் துத்தநாகத்திலும் காசு அடித்துவிட்டது. அதுவும் பற்றாக்குறை. ஒரு சாம்ராஜ்யமே 'சில்லறை இல்லீங்க' என்று கையை விரித்தது.

இந்த இடத்தில் நம்மவர்களைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை. சில்லறை இல்லை என்றால் நம் மளிகைக் கடைக்காரர் சாக்லெட் தருவார். பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதித் தருவார். இறங்கும்போது அவரும் மறந்திருப்பார், நாமும் மறந்திருப்போம், கணக்கு நேராகிவிடும். ஸ்டட்கார்ட் டிராம் கம்பெனிக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை. பாவம், சொந்தமாக டோக்கன் காசே அடித்து, அதில் ஊர்க் காட்சிகளையும் பதித்துச் சில்லறையாகக் கொடுத்தது.

டிராம் கம்பெனியே அடிக்கும்போது நகராட்சி சும்மா இருக்குமா? ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்கள். இந்த அவசரக் காசுக்குப் பெயர் 'நோட்கெல்ட்'. நோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜெர்மனில் 'நோட்' என்றால் நெருக்கடி. (யோசித்தால் நமக்கும் 2016 நவம்பரில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.) பணம் அடிக்கிற உரிமை ஒரு நகராட்சிக்கும் கிடையாது. அரசாங்கம் பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஆரம்பத்தில் நகராட்சிகளுக்கே கொஞ்சம் கூச்சம். அசல் காசோடு குழம்பக் கூடாதே என்று சதுரமாக, எண்கோணமாக அடித்தார்கள். 'போர்ப் பணம்', 'சில்லறைக்குப் பதிலி' என்று காசின் நெற்றியிலேயே எழுதி ஒட்டினார்கள். பல ஊர்களுக்கு அடித்துக் கொடுத்தது நியூரம்பெர்க்கின் லாவர் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு என்ன முன் அனுபவம் என்கிறீர்களா? குழந்தைகள் விளையாடும் பொம்மைக் காசு செய்வதில் கைதேர்ந்தவர்கள்.

கூச்சம் எத்தனை நாள் தாங்கும்? மேயர் என்பவரும் மனிதர்தானே. கையில் ஒரு காலி வட்டம் கிடைத்தால் அதில் ஊர்ப் பெருமையை நிரப்பத் தோன்றாதா? ஹாமெலின் ஊர் தன் நோட்டில் எலி பிடிக்கிற பைப்பரைப் போட்டது. கூலி கேட்டவனை ஏமாற்றி, பதிலுக்கு ஊர்ப் பிள்ளைகளையே பறிகொடுத்த கதை அது. 'சொன்னபடி பணம் தர மாட்டோம்' என்பதை ஊர்ச் சின்னமாக்கி, அதைப் பணத்திலேயே அச்சடிக்க ஒரு தைரியம் வேண்டும்.

பான் நகரம் 1920ல் இரும்புக் காசில் பீத்தோவன் முகத்தைப் பதித்தது. அவருடைய 150வது பிறந்த வருஷம், மண்ணின் மைந்தர், நியாயம்தான். ஆனால் மைந்தர் 1792ல், இருபத்திரண்டு வயசு நிரம்புவதற்குள், வியன்னாவுக்குப் பெட்டி கட்டியவர். சாகும்வரை ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காசில் அவர் முறைப்பதற்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து சாக்ஸனியில் நடந்தது. அதற்கு 1701க்குப் போக வேண்டும். பொட்கர் என்று பத்தொன்பது வயசுப் பையன், பெர்லினில் மருந்துக்கடை எடுபிடி. ஈயத்தைத் தங்கமாக்குவேன் என்று வாய்ச்சவடால் விட்டான். வாட்ஸப் இல்லாத காலத்திலும் செய்தி ராஜா காதுக்குப் போய்விட்டது. பிரஷ்ய ராஜா பிடிக்க ஆளனுப்ப, பையன் சாக்ஸனிக்கு ஓடினான். அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் 'வலிமைமிகு' அகஸ்டஸ். அவர் பையனை வரவேற்று, அரவணைத்து, அப்படியே காவலில் அடைத்தார். தங்கம் செய்து முடி, அப்புறம் வீட்டுக்குப் போ.

இந்த அகஸ்டஸுக்குப் பீங்கான் பைத்தியம் வேறு. மிகைப்படுத்தவில்லை. 1717ல் தன் படையிலிருந்து 600 குதிரை வீரர்களை பிரஷ்ய ராஜாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 151 சீனப் பீங்கான் பாத்திரங்கள் வாங்கினார். பழைய சேலையைக் கொடுத்து எவர்சில்வர் கிண்ணம் வாங்கும் நம் பாட்டிகளே, உங்களுக்கு ஒரு அரச முன்னோடி இருக்கிறார்.

பொட்கருக்குத் தங்கம் வரவில்லை. எப்படி வரும்? ஆனால் உயிர் பயத்தில் மண்ணைப் பிசைந்து, சுட்டு, முதலில் ஒரு செம்பழுப்புக் கல்பாண்டத்தையும் அடுத்து ஐரோப்பாவின் முதல் அசல் வெள்ளைப் பீங்கானையும் கண்டுபிடித்துவிட்டார். 1710ல் மைசன் பீங்கான் தொழிற்சாலை பிறந்தது. இப்போது 1920க்கு ஓடி வாருங்கள். சாக்ஸனி அரசாங்கத்திடம் உலோகம் இல்லை. மைசனைக் கூப்பிட்டது. அதே பொட்கரின் செம்பழுப்பு மண்ணில், 20 ஃபென்னிக் சில்லறை முதல் 20 மார்க் வரைக்கும் பீங்கான் காசு சுட்டுத் தந்தார்கள். தங்கம் செய்யவில்லை என்று அடைபட்டவர், இருநூறு வருஷம் கழித்து அரசாங்கத்துக்கே பணம் செய்துகொடுத்தார். சில காசுகளின் விளிம்பில் மெலிசாகத் தங்கமும் பூசியிருந்தார்கள். அகஸ்டஸ் அதையாவது பார்த்திருக்கலாம்.

சரி, இந்தப் பீங்கான் காசைச் சந்தைக்கு எடுத்துப்போய் முட்டைக்கோஸ் வாங்கினார்களா? ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலும் நேராக ஆல்பத்துக்கும் அலமாரிக்கும் போய்விட்டன. இங்கேதான் நம் கதாநாயகன் என்ட்ரி: காயின் கலெக்டர்.

சண்டை நடக்கட்டும், ரொட்டிக்குக் கியூ நிற்கட்டும், இவருக்குக் கவலை ஒன்றுதான். பக்கத்து ஊர் எண்கோணக் காசு கிடைத்துவிட்டது, அதற்கடுத்த ஊர் சதுரக் காசு கிடைக்கவில்லையே! ஊருக்கு ஊர் கடிதம் போட்டு வாங்கினார்கள். அவர்களுக்காகவே பட்டியல்கள், பத்திரிகை, வியாபாரிகள். டாக்டர் அர்னால்ட் கெல்லர் என்பவர் இந்த அவசரப் பணத்தைப் பட்டியல் போடுவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். இன்றைக்கும் இந்தத் துறையில் ஒரு நோட்டைக் காட்டினால் 'கெல்லர் நம்பர் என்ன?' என்றுதான் கேட்பார்கள்.

நகராட்சிப் பொருளாளர்கள் ஒருநாள் கணக்குப் பார்த்தார்கள். வெளியே போன காசில் ஒரு பங்கு திரும்பி வரவே இல்லை. கலெக்டர் பெட்டிக்குள் போன ஒவ்வொரு காசும் நகராட்சிக்கு வட்டியில்லாக் கடன், அதுவும் கடன் கொடுத்தவன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்ற பயமே இல்லாத கடன். ஆஹா! அன்றிலிருந்து காசு சில்லறைக்காக வரவில்லை, கலெக்டருக்காக வந்தது. கலர் கலராக, தொடர் தொடராக நோட்டுகள். துணிக்குப் பேர்போன பீலஃபெல்டில் பட்டுத்துணியில் பணம். ஓஸ்டர்வீக்கில் தோலில் பணம். மெக்லன்பர்க் பகுதியில் 1921ல் 70 ஊர்கள் கூட்டுச் சேர்ந்து, ஃப்ரிட்ஸ் ராய்ட்டர் என்ற வட்டார மொழி எழுத்தாளர் பெயரைச் சொல்லி ஊருக்கு மூன்று நோட்டு வெளியிட்டன. முழு செட் வேண்டுமா? 210 நோட்டு வாங்குங்கள் சார். பிஸ்கட் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் வீரர் படம் வைத்து நம் பையன்களைக் கவிழ்த்த கம்பெனிகளுக்கு இவர்கள்தான் குருமார்கள்.

கலெக்டர்களைப் பார்த்து ரொம்பச் சிரிக்காதீர்கள், நானும் அந்தக் கூட்டம்தான். சில வருஷம் முன்பு ஒரு நாணயக் கண்காட்சியில், பேரம் பேசி, ஒரு ஜெர்மன் ஊரின் 1917ஆம் வருஷத் துத்தநாகக் காசு வாங்கினேன். மேலே மங்கலான சாம்பல் படலம். நூறு வருஷம் தானாகப் படிந்த அந்தப் படலம்தான் காசின் ஜாதகம், அதைத் தொடக் கூடாது என்பது கலெக்டர் உலகின் முதல் விதி. மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா ஆசையாக நீட்டுகிறார், 'எவ்ளோ அழுக்குடா, புளி போட்டு நல்லா தேச்சு வெச்சிருக்கேன்.' பித்தளைக் குத்துவிளக்குக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புளி அறியாது. ஊர் பெயரில் பாதி போய்விட்டது. உலகப் போரில் தப்பித்த காசு எங்கள் வீட்டுச் சமையலறையில் வீழ்ந்தது.

1922 ஜூலை 17ல் அரசாங்கம் ஒருவழியாக ஜன்னலிலிருந்து திரும்பி, போதும் உங்கள் விளையாட்டு என்று சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். கொஞ்ச நாளிலேயே விலைவாசிக்குப் பேய் பிடித்து, அரசாங்க அச்சகத்தால் ஈடுகொடுக்க முடியாமல், நகராட்சிகளே, தயவுசெய்து கொஞ்சம் அடித்துக் கொடுங்கள் என்கிற நிலைமை வந்தது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். வாழ்நாள் முழுக்க பாங்கில் அசல் பணம் சேர்த்த யோக்கியர்களுக்கு அது ஒரு தபால்தலைக்குக்கூடக் காணவில்லை. டம்மி காசுகளை ஆல்பத்தில் ஒட்டிவைத்த பைத்தியக்காரர்களிடம் ஆல்பமாவது மிஞ்சியது.

வெஸ்ட்ஃபாலியா மாகாணம் இந்தக் கச்சேரிக்கு மங்களம் பாடியது. 1923 என்று வருஷம் போட்டு ஒரு காசு, உள்ளங்கை நிறைய வருகிற 60 மில்லிமீட்டர் தட்டு. மதிப்பு ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சைபர், நம் கணக்கில் லட்சம் கோடி மார்க். ஒருபக்கம் துள்ளும் குதிரை, மறுபக்கம் ஃப்ரைஹெர் ஃபொம் ஷ்டைன். பிரஷ்யாவின் பெரிய சீர்திருத்தவாதி, 1808ல் நகரங்களுக்குச் சுயாட்சி வாங்கிக் கொடுத்த புண்ணியவான். அவர் கொடுத்த சுயாட்சியை வைத்துக்கொண்டு நகரங்கள் என்ன செய்தன என்பதைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். காசில் அவர் முகம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்.

அந்தக் காசு கடைத்தெருவுக்கு வருவதற்குள் பணவீக்கமே முடிந்துவிட்டது. 1923 நவம்பர் 15ல் ரென்டன்மார்க் வந்து, லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரே ஒரு புது மார்க் என்றாகிவிட்டது. அசருவார்களா? ஞாபகார்த்தம் என்று சொல்லி விற்றார்கள். யாரிடம்? வேறு யாரிடம், கலெக்டர்களிடம்தான்.

அது என்னிடம் இன்னும் இல்லை. ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். தங்கமுலாம் பூசியது, கொஞ்சம் மங்கி, பார்க்க அப்படியே பித்தளைத் தாம்பாளம் மாதிரி இருக்கிறது. வாங்கினால் முதலில் வீட்டில் புளி ஜாடியை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசிக்க வேண்டும்.