வீட்டோடு கார்

நங்கநல்லூரில் குடியிருப்பவனுக்குக் கார் எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் சட்டென்று சொல்லப் பதில் இல்லை. பழவந்தாங்கல் ஸ்டேஷன் ஒரு பக்கம், மெட்ரோ இன்னொரு பக்கம். வாசலில் நின்று கைபேசியைத் தடவினால் ஆட்டோ வருகிறது. தி.நகருக்குக் காரில் கிளம்பினால், சாமான் வாங்குவது தி.நகரில் என்றாலும் வண்டியை நிறுத்த இடம் கிடைப்பது அநேகமாக சைதாப்பேட்டையில். எனவே எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கும் கார்களில் பாதி, கல்யாணம், சாவு, ஏர்போர்ட் என்ற மூன்று காரணங்களைத் தவிர வேறெதற்கும் அசைவதில்லை. என்னுடையதும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

ஓடாத காருக்குச் செலவே இல்லை என்று நம்புகிறவர்கள் பெரும்பாலும் கார் இல்லாதவர்கள்.

மெக்கானிக்குகள் "செல்ஃப் எடுக்கல சார்" என்று ஒரு வரியில் முடித்துவிடும் விஷயத்தை, காரின் சொந்தக்காரன் கட்டம் கட்டமாக அனுபவிக்கிறான். முதலில் ஸ்டார்ட்டர் மோட்டார் 'க்ரு… க்ரு… க்ரு' என்று சுற்றுக்குச் சுற்று மூச்சு வாங்கும். ஆனாலும் எடுத்துவிடும். இதை நாம் வண்டியின் சுபாவம் என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்த கட்டம் 'டகடகடக'. மோட்டார் சுற்றாது, டாஷ்போர்டு விளக்குகள் மட்டும் கண்ணடிக்கும். பிறகு ஒரே ஒரு 'டக்'. அதற்கும் பிறகு, ரிமோட்டை அமுக்கினால் கதவே திறக்காது. அப்போதுதான் அந்த ரிமோட்டுக்குள் மடக்கி வைத்த சாவி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியவருகிறது.

இந்த 'டக்' சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. தரைத்தளத்தில் கேட்டால் நான்காவது மாடி வரை போய் ஆட்களை இறக்கிக் கொண்டுவரும். பானட்டைத் திறப்பதற்குள் ஆறு பேர் நிற்பார்கள். ஆறு பேருக்கும் நோய் ஒன்றுதான், வைத்தியம் மட்டும் ஆறு. மூன்றாம் மாடி மாமா வழக்கம்போல் அம்பாசிடரில் ஆரம்பிப்பார். "அந்தக் காலத்துல ஹேண்டில்னு ஒண்ணு குடுத்திருப்பான் சார். முன்னாடி சொருகி ரெண்டு சுத்து, அவ்வளவுதான். பேட்டரியாவது ஒண்ணாவது!" மாமா சொல்வது உண்மை. ஆனால் அந்த மாதிரி ஹேண்டில் எகிறி அடித்து உலகமெங்கும் பலருக்குக் கை முறிந்த பிறகுதான் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் மின்சார ஸ்டார்ட்டரை உருவாக்கினார். 1912-ல் அது காடிலாக் காரில் வந்தது. மாமாவிடம் இதைச் சொன்னால், கை முறிந்தவர்களுக்கெல்லாம் சுற்றத் தெரியவில்லை என்பார்.

வாட்ச்மேன் தள்ளலாம் என்பார். கியர் வண்டியாக இருந்தால் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியை மாமல்லபுரம் வரை தள்ளினாலும் நடக்காது. என்னுடையது கியர் வண்டிதான். ஆனால் எங்கள் தரைத்தளத்தில் வேகம் வருவதற்கு முன்னால் தூண் வந்துவிடும்.

ஒரு ஆயுத பூஜையன்று இதன் முழு விஸ்வரூபத்தையும் பார்த்தேன். காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, கண்ணாடியில் பட்டை எல்லாம் ஆயிற்று. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா கற்பூரம் காட்டிவிட்டு, "எடுப்பா" என்றாள். ஒரே ஒரு 'டக்'. எலுமிச்சம்பழம் பத்திரமாக இருந்தது. என் மனைவி சக்கரத்தைப் பார்த்தாள், அம்மா என்னைப் பார்த்தாள், பக்கத்து இடத்துக்காரர் தம் காரின் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். கடைசியில் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளிப் பழங்களை நசுக்கினோம். இது செல்லுமா என்று மனைவிக்குச் சந்தேகம். அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "பழம் நசுங்கணும்னுதான் இருக்கு. இன்ஜின் ஓடணும்னு எங்கயும் சொல்லல."

"ஓட்டாம வெச்சா பேட்டரி இறங்கிடும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். யார் இறக்குகிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நிற்கும் கார் என்பது வீட்டோடு மாப்பிள்ளை. வேலைக்குப் போகாவிட்டாலும் வேளைக்குச் சாப்பாடு வேண்டும். கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சிக்னலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பூட்டு, இன்ஜினின் கம்ப்யூட்டர் ஞாபகசக்தி என்று எல்லாருமாகச் சேர்ந்து இரவு பகலாகக் கொறிக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள காரிலேயே இது சுமார் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் இருக்கும். 30 என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 21 ஆம்பியர்-மணிக்கு மேல். சின்னக் கார்களில் இருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு வேறு ஒன்று. ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் நூறு, நூற்றைம்பது ஆம்பியர் என்று இழுக்கிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இழுப்பது ஒன்றிரண்டு விநாடிதான். வகுத்துப் பார்த்தால், ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய ஆகும் மின்சாரமும், கார் நின்ற இடத்தில் மூன்று மணி நேரம் கொறிப்பதும் ஏறக்குறைய ஒன்று. அதாவது பேட்டரி தன் ஆயுளில் பெரும்பகுதியை நம் வீட்டுக் கடிகாரம் காட்டும் அதே நேரத்தைக் காருக்குள் இருட்டில் யாருக்கோ காட்டுவதற்காகச் செலவழிக்கிறது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. பேட்டரி காலியாகவே கிடந்தால் உள்ளேயுள்ள ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அந்தப் படிவம் கரையாது, கொள்ளளவு அவ்வளவு குறைந்ததுதான். போதாததற்கு நம் ஊர் வெயில். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பேட்டரி தானாகவே இறங்கும் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. கத்திரியில் மனிதன் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு குடித்துச் சமாளிக்கிறான். பேட்டரிக்கு அந்த வசதியும் இல்லை.

என் பழைய பேட்டரி இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் மாடி மாமா மல்டிமீட்டர் கொண்டுவந்தார். 12 வோல்ட் காட்டியது. "பாத்தீங்களா, 12 வோல்ட் பேட்டரி, கரெக்டா 12 இருக்கு!" என்றார். இந்த இடத்தில்தான் ஊர் முழுக்க ஏமாறுகிறது. உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் பாதி. மிகச் சரியாக 12 காட்டினால் ஏறக்குறைய காலி.

புது பேட்டரி வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன், மெட்ரோவில்தான். கடைக்காரர் காரின் பெயரைக் கேட்டார், பிறகு நேரே வாரண்டிக்குப் போய்விட்டார். பேட்டரிக் கடையில் யாரும் பேட்டரி விற்பதில்லை, மாதங்களைத்தான் விற்கிறார்கள். "24 ப்ளஸ் 24 போடுங்க சார், நாலு வருஷம் கவலையே இல்ல." அந்த ப்ளஸ்ஸில்தான் கவலை ஒளிந்திருக்கிறது. முதல் 24 மாதத்துக்குள் பழுதானால் புதிது இலவசம்; அடுத்த 24-ல் பழுதானால் புதிதின் விலையில் ஏதோ ஒரு சதவீதம் தள்ளுபடி, அதுவும் மாதம் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும். போதாக்குறைக்கு, ஓட்டாமல் நிறுத்தி இறங்கிப்போன பேட்டரி பழுது என்ற கணக்கிலேயே வராது. சார்ஜ் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் மாதிரி ஆளுக்கு வரக்கூடிய ஒரே வியாதிக்கு மட்டும் அந்த இன்ஷூரன்ஸில் இடமில்லை.

அடுத்து அவர் சி.சி.ஏ. என்றார். குளிரில் இன்ஜினைச் சுழற்றும் திறன். அதை அளப்பது மைனஸ் 18 டிகிரியில். சென்னையில் அந்தக் குளிர் ஐஸ்கிரீம் கடைக்காரரின் பெட்டிக்குள்தான் இருக்கிறது. என் கார் அதற்குள் போகும் உத்தேசம் இல்லை என்பதால் கார்க் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் அளவே போதும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப ஆம்பியராவது பெருசா போடலாம் சார். 35-க்குப் பதிலா 45." இது எல்லாருக்கும் வரும் சபலம். காசு கொஞ்சம்தான் கூட, மனசுக்கு நிறைவு. ஆனால் கணக்குப் போட்டால் அந்தப் பத்து ஆம்பியர்-மணியை நம் கடிகாரக் கோஷ்டி இரண்டே வாரத்தில் தின்று தீர்த்துவிடும். அதற்கு மேல் அது தட்டில் உட்கார வேண்டும், கிளாம்ப் பிடிக்க வேண்டும். ஏ.ஜி.எம். என்று ஒரு விலையுயர்ந்த ஜாதியையும் காட்டினார். சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து தானாக எடுக்கும் கார்களுக்கு அது வேண்டியதுதான். சிக்னலையே பார்க்காத காருக்கு வேண்டாம்.

அவர் சொல்லாமல் நான் பார்த்தது இரண்டு. ஒன்று, பேட்டரி மேல் இருக்கும் எண். 38பி20எல் என்றிருந்தால் அதன் கடைசி எழுத்துதான் குடும்பத்தைக் காப்பாற்றுவது. பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதை அது சொல்கிறது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கி வந்தால் கேபிள் எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டுவதற்கு இது பாவாடை நாடா இல்லை. இரண்டாவது, தயாரித்த தேதி. "எல்லாம் புதுசுதான் சார், நேத்துதான் வந்துது" என்றார். கடைக்கு நேற்று வந்திருக்கலாம். ஆலையை விட்டு எப்போது கிளம்பியது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் பேட்டரி இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்குள் தயாரானதாகத் தேடி எடுக்கச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இறங்கியது.

எந்தக் கம்பெனி என்பதை நான் முடிவு செய்யவில்லை. எக்சைடுக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது, அமரான் திருப்பதிப் பக்கம் தயாராகிறது என்று போனில் அம்மாவிடம் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். திருப்பதி என்ற சொல்லோடு ஆலோசனைக் கூட்டம் கலைந்தது.

பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு பையன் ஒருவன் மறுநாள் வீட்டுக்கே வந்து மாட்டினான். உள்ளே இருப்பது ஈயம் என்பதால் செத்த பேட்டரிக்கும் விலை உண்டு; விற்ற கம்பெனிகளே திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2001-லிருந்தே விதியும் இருக்கிறது. பையன் கெட்டிக்காரன். கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது பாசிட்டிவை முதலில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் கார் பாடியில் பட்டதும் தீபாவளி. மேலே இருந்த கண்ணாடிப் பொட்டைக் காட்டி, "பச்சையா இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம் சார்" என்றான். அந்தப் பொட்டு ஆறு செல்களில் ஒன்றே ஒன்றைத்தான் எட்டிப் பார்க்கிறது. மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. நானும் பையனிடம் சொல்லவில்லை. அவன் நல்ல மனநிலையில் இருந்தான்.

ஆக, பேட்டரி விஷயத்தில் என் கட்சி இதுதான்: பெரிய பேட்டரிக்கும் நீண்ட வாரண்டிக்கும் கொடுக்கிற பணத்தை அதற்குச் சாப்பாடு போடுவதில் செலவழிக்க வேண்டும். எங்கள் எதிர் வரிசைக்காரர் தினமும் காலையில் வந்து பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் பெரிதாக ஒன்றும் கொடுப்பதில்லை. அதில் நன்றாகச் சார்ஜ் ஆவது முதல் மாடிப் படுக்கையறையில் புகை மட்டும்தான்.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிடலாம். பைசா செலவில்லாத உத்தி. கடிகாரம் போகும், ரேடியோ ஸ்டேஷன்கள் மறந்து போகும், ரிமோட் வேலை செய்யாது. திரும்ப மாட்ட 10-ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். வீட்டில் 8 இருக்கும், 12 இருக்கும், 10 மட்டும் எந்த வீட்டிலும் இருந்ததில்லை.

எனவே மெயின்டனர் என்கிற குட்டி சார்ஜர் வாங்கினேன். பேட்டரி நிறைந்ததும் தானே அடங்கி, 13 வோல்ட்டுக்குச் சற்று மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளும். அதை மாட்ட ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். என் தூணில் இருப்பது பொது மீட்டரின் பாயிண்ட். அந்த வார அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட் ரிப்பேர், சம்ப் சுத்தம் செய்வது எல்லாம் தள்ளிப்போய், என் சார்ஜர் முதல் பொருளானது. "இன்னிக்கு இவரு பேட்டரிக்குப் போடுவாரு, நாளைக்கு ஒருத்தர் கிரைண்டர் போடுவாரு" என்றார் செயலாளர். பத்து வாட்டாகவே இரவு பகல் ஓடினாலும் மாதத்துக்கு 7 யூனிட்தான், யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் அறுபதுக்குள் முடிந்துவிடும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மூன்றாம் மாடி மாமா எழுந்து, ஹேண்டில் இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை என்றார். விஷயம் துணைக் குழுவுக்குப் போயிருக்கிறது.

அதுவரை ஒரே வழி, வாரம் ஒரு முறை ஓட்டுவது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல், கொஞ்சமாவது வேகமாக, முடிந்தால் பகலில், ஏசியைக் குறைத்துக்கொண்டு. எங்கே போவது? அம்மா இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்குக் கோயில் என்ற ஒரே விடைதான். இப்போது எங்கள் வீட்டில் கோயில்களுக்கு ஆம்பியர் போட்டு வைத்திருக்கிறோம். உள்ளூர் ஆஞ்சநேயர் நடக்கிற தூரம், பேட்டரிக்குப் பிரயோஜனமில்லை. திருநீர்மலை பரவாயில்லை, ஆனால் பல்லாவரம் நெரிசலில் கிடைத்ததெல்லாம் ஏசிக்கே போய்விடும். குன்றத்தூர் முருகன் சுமார். சிங்கப்பெருமாள் கோயில் உத்தமம்; ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டினால் வண்டி ஒரே சீராக ஓடும், திரும்பி வந்து அடுத்த நாள் காலையில் மீட்டர் வைத்தால் 12.6.

போன வாரம் அம்மா, காஞ்சிபுரம் வரதரைப் பார்த்து நாளாயிற்று என்றாள். மனைவி உடனே, "அவ்வளவு தூரம் போனா பேட்டரி ஃபுல் ஆயிடும்ல?" என்றாள். பேட்டரி நிரம்பும், டேங்க் காலியாகும், அங்கே போய் நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும் என்றேன். எல்லாரும் யோசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். பழவந்தாங்கலில் ரயிலேறி உட்கார்ந்ததும் அம்மா, "வண்டிக்கு அடுத்த வாரம் சிங்கப்பெருமாள் கோயில்னு எழுதி வெச்சுக்கோ" என்றாள்.