எருக்கு வளர்ப்போர் கையேடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பிரம்மதேசத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக, மண்ணில் உப்பு ஏறும். வீட்டுத் தோட்டக்காரருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். நர்சரியில் பேரம் பேசி வாங்கிய ரோஜாவும் இட்லிப்பூவும் இலை ஓரம் கருகி வரிசையாக விடைபெறும். வேரைச் சுற்றி உப்பு மிகுந்துவிட்டால், ஈரம் இருந்தும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. குடம் குடமாக ஊற்றுகிறவருக்கு இடுப்பு வலிதான் மிச்சம். மனம் தளர வேண்டாம். காசு, தண்ணீர், கவனம் எதுவும் கேட்காத பூச்செடி ஒன்று இருக்கிறது.

1. அடையாளம் காணுதல்

தோட்டத்தில் நீங்கள் வைத்த செடிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாமல் செழிப்பாக நிற்பது எதுவோ, அது அநேகமாக எருக்கு. சந்தேகம் இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். தடித்த இலைகள் எதிரெதிராக, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டி நிற்கும். தடவினால் விரலில் வெள்ளையாக மாவு ஒட்டும். பூ மங்கலான ஊதா. ஐந்து இதழ் விரிந்து, நடுவில் கிரீடம் வைத்திருக்கும். கிள்ளினால் பால் வடியும். அந்தக் கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், கருவிழி புண்ணாகிவிடும். இதை மட்டும் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. நடும் முறை

நாற்று வேண்டாம், பதியன் வேண்டாம். பங்காளியோடு வரப்புத் தகராறு ஒன்று போதும். "உன் வீட்டுல எருக்கு முளைக்க!" என்று அவர் மண்ணை வாரி இறைத்தால் விதைப்பு முடிந்தது. சாபத்தில் முளைக்கிற பூச்செடி வேறு எது?

சண்டைக்கு நேரமில்லாதவர்கள் ஒரு சுவரைப் பூசாமல் விட்டால் போதும். இரட்டைக் காய் வெடித்ததும், பட்டுப்பஞ்சு கட்டிய விதை காற்றில் மிதந்து வந்து விரிசலில் இறங்கிக்கொள்ளும். பறவைகளுக்காக இந்தப் பக்கத்துக் கழுவெலிச் சதுப்பு நிலத்தைச் சரணாலயமாக்க 2021 வரை காத்திருந்தோம். எருக்கு எந்த அரசாணைக்கும் காத்திருக்கவில்லை.

3. நீரும் உரமும்

ஊற்றாதீர்கள். போடாதீர்கள். உப்பளத்தில் வேலை மும்முரமாகும் கோடையில், மற்ற செடிகள் தலை தொங்கும்போது இது பூத்து நிற்கும். உரம் இதற்கு எதற்கு? இதன் தழையைத்தான் உழவர்கள் வயலில் போட்டு மிதிக்கிறார்கள்.

4. பூச்சி மேலாண்மை

கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு ஒரு புழு இலையை அரித்துக்கொண்டிருந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் பிள்ளை. எருக்கம்பாலின் நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்வதால், ஒருமுறை கொத்தின பறவை மறுபடி அதைத் தொடாது. பூவில் ரீங்காரமிடும் பெரிய கருவண்டையும் விரட்ட வேண்டாம். பூவின் நடுவே உள்ள இடுக்கில் அதன் கால் மாட்டும். உதறி இழுக்கும்போது மஞ்சள் மகரந்தப் பை இரண்டு காலோடு வரும். அடுத்த பூவில் அதைச் சேர்த்தால்தான் காய். இந்த வேலையைத் தூரிகை வைத்து நீங்கள் செய்து பாருங்கள், தெரியும்.

5. அறுவடை

ஆண்டுக்கு இரண்டு நாள் இதற்கு மரியாதை. ரத சப்தமியன்று ஏழு இலையைத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளிப்போம். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டுவோம். கட்டுவோம் என்றா சொன்னேன்? கடைத்தெருவில் நின்று, "இத்தனூண்டு எருக்கமாலைக்கு இவ்வளவா!" என்று அடித்துப் பேசி வாங்கிவருவோம். பின்சுவர் ஓரம் பூத்துக் கொட்டுவது களை. காசு கொடுத்தால் பூஜைப் பொருள்.

எருக்கம்பூவாக இருந்தாலும் தெய்வம் வேண்டாம் என்று சொல்லாது என்று புறநானூற்றிலேயே கபிலர் சொல்லிவிட்டார். வேண்டாம் என்பதெல்லாம் நாம்தான். சங்க காலத்தில் காதல் கைகூடாத இளைஞர்கள் எருக்கம்பூ மாலையோடு பனைமடல் குதிரை ஏறித் தெருவில் வந்ததுண்டு. இன்று முயல வேண்டாம். பெண் கிடைக்கிறாளோ இல்லையோ, வீடியோ நிச்சயம்.

6. பாதுகாப்பு

உங்கள் செடி வெள்ளையாகப் பூத்தால் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். அதே எருக்குதான், நிறம்தான் வேறு. ஆனாலும் மறுநாளே யாராவது மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கடுத்த நாள், வேரில் பிள்ளையார் செய்ய ராத்திரியோடு ராத்திரியாக ஒருவர் கடப்பாரையோடு வருவார்.

ஊதாவாகப் பூத்தாலும் சொல்லாதீர்கள். "வீட்டுக்கு ஆகாது, இன்னுமா விட்டுவெச்சிருக்கீங்க?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் அரிவாளோடு வருவார். அவரை மட்டும் தடுக்க வேண்டாம். தரையோடு வெட்டினாலும் கீழேயிருந்து துளிர்த்துவிடும். உங்களுக்குக் கவாத்துக் கூலி மிச்சம்.