பேத்திக்குத்தாங்க!

பாண்டியில் புத்தகக் கண்காட்சி போட்டால், மண்ணாடிப்பட்டிலிருந்து பஸ் ஏறுகிறவர்களில் இந்த ரகம் ஒருவராவது இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு, அக்குளில் மடித்த மஞ்சள் பை. நேரே காமிக்ஸ் கடைக்குத்தான் நடை. கடைக்காரர் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். இவரே முந்திக்கொண்டு, "பேத்திக்குத்தாங்க" என்பார்.

பேத்தி பிறப்பதற்கு முன் மகனுக்கு வாங்கினார். அதற்கும் முன் அக்கா பையனுக்கு. அந்தப் பையனுக்கே இப்போது முன்வழுக்கை.

பழைய பிரதி கிடைத்துவிட்டால் ஆளே வேறு. மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி முதுகை வருடி, பின்னைத் தட்டி, நடுப்பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் விலை பேசுவார். ராதுகா பதிப்பகம் மாஸ்கோவில் அச்சடித்து அனுப்பிய தமிழ்ப் புத்தகம் என்றால் முதலில் முகர்ந்து பார்ப்பார். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததில் உலகத்துக்கு என்ன நஷ்டமோ, இவருக்கு அந்த வழவழப்புத் தாள் போயிற்று.

இரும்புக்கை மாயாவி இவருக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972-ல் அவரை வைத்துத்தான் கடை திறந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். பிளக்கில் விரல் வைக்கலாமா என்று யோசித்த தலைமுறை இது. போன மாதம் மறுபதிப்பைப் பிரித்தவர் ஆடிப்போனார்: மாயாவி ஆரம்பத்தில் வில்லன்! 1962-ல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தபோதே அப்படித்தான். பத்து வயதில் அது கண்ணிலேயே படவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் தகவல்.

அம்புலிமாமா விஷயம் வேறு. 1947-ல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை. அதில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன், ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாய் மாதாமாதம் நடந்துகொண்டே இருந்தார். சின்ன வயதில் இவருக்கு வேதாளத்தைக் கண்டுதான் பயம். இப்போது ராஜாவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு இதற்கு மேல் உரை எழுத வேண்டுமா?

"இந்த வயசுல பொம்மை புஸ்தகம் தேவையா? திருக்கனூர்ல காகிதக்கூழ் பொம்மை செய்யறவங்ககிட்ட குடுத்தா தலையாட்டி பொம்மையாவது ஆகும்" என்பார் வீட்டம்மா. திருக்கனூர் காகிதக்கூழ் கைவேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆகவே மிரட்டல் லேசானதல்ல. நம்மவர் பாரதியைத் துணைக்கு இழுப்பார். "பாப்பா பாட்டு நம்ம பாண்டியில இருக்கும்போது எழுதினது, 1915-ல. முப்பத்திரண்டு வயசுல எழுதலாம், ஐம்பத்தாறு வயசுல படிக்கக் கூடாதா?"

பஸ் திருபுவனையைத் தாண்டும்போதே மஞ்சள் பையிலிருந்து ஒரு புத்தகம் வெளியே வந்துவிடும். திண்ணைக்கு வந்து சேரும்போது பாதி முடிந்திருக்கும். ஏழு வயதுப் பேத்தி பக்கத்தில் வந்து நிற்பாள்.

"தாத்தா, அது எனக்கு வாங்கினதுன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமாண்டா கண்ணு. கையக் கழுவிட்டு வா. பக்கத்த நான் பொரட்டறேன், நீ பாரு."