நீமோ சரி, டோரி வேண்டாம்!

இந்த முறை தபாலில் உப்புத் தண்ணீர்த் தொட்டிக் கேள்விகளே குவிந்துவிட்டன. மற்றவர்கள் பொறுத்தருள்க.

கே: இரண்டரை அடி நீளத் தொட்டி வாங்கிவிட்டேன். கடல் மீன் எத்தனை விடலாம்?
– வாசகர், ஆவடி

ப: மூன்று. ரொம்ப அடம்பிடித்தால் நாலு. நன்னீரில் கப்பி வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. 110 லிட்டர் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பாறையும் மணலும் போட்டபின் தண்ணீர் 90 லிட்டர் நின்றால் அதிகம். தவிர, கடல் நீரின் பி.எச். 8.2 வாக்கில் இருக்கும். அந்தக் காரத்தில் மீன் கழிவின் அம்மோனியாவுக்கு நச்சு கூடுதல். கூட்டம் சேர்த்தால் ஒரே ராத்திரியில் மொத்தமும் காலி.

கே: என் பெண் டோரிதான் வேண்டும் என்று அழுகிறாள்!
– வாசகி, மதுரை

ப: அழட்டும். கடையில் அது 2 அங்குலக் குஞ்சு. வளர்ந்தால் ஓர் அடி. நாளெல்லாம் நீந்தித் திரிகிற ஜாதி. ஆறடித் தொட்டி வைக்க முடியாதவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. மஞ்சள் டாங் மீனுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். நீமோ (கோமாளி மீன்) வாங்கிக் கொடுங்கள், அந்தக் கார்ட்டூன் படத்தின் நாயகன் அவன்தானே!

கே: நீமோவில் ஆண், பெண் பார்த்து ஜோடியாக வாங்குவது எப்படி?
– கல்லூரி மாணவர், கோவை

ப: பார்க்கவே வேண்டாம். ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வாங்குங்கள். பெரியது பெண்ணாகிவிடும்; சிறியது ஆணாக அடங்கிப்போகும். பெண் செத்துப்போனால் அந்த ஆணே பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால், வீட்டுத் தலைவி யார் என்று தீரும்வரை செதில் பறக்கும். மூன்றாவது நீமோ வேண்டவே வேண்டாம், அது அடிவாங்கியே சாகும்.

கடலில் பிடித்ததா, பண்ணைக் குஞ்சா என்று கட்டாயம் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பண்ணைக் குஞ்சு முதல் நாளே தூள் தீனி தின்னும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷம்கூட இருக்கும். கடல் சாமந்தி இல்லாமலே சௌக்கியமாக வாழும். புதுத் தொட்டியில் சாமந்தியை வைத்தால் அது அழுகி, தண்ணீரையும் கெடுக்கும்.

கே: தண்ணீர் பழக முதலில் நாலு டாம்சல் மீன் விடச் சொல்கிறார் கடைக்காரர்.
– வாசகர், வேலூர்

ப: டாம்சல் லேசில் சாகாது. அதுதான் சங்கடம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடித்த ஆள் மாதிரி, பின்னால் வருகிற எவரையும் உட்கார விடாது. பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் பாறை முழுவதையும் கலைக்க வேண்டும். ஓர் இறால் துண்டைப் போட்டு அழுக விடுங்கள். 4 முதல் 6 வாரத்தில் பாக்டீரியா சேர்ந்து, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும். அதன்பின் மீன்.

கே: நீமோ ஜோடி போக, அந்த மூன்றாவது மீன் எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ப: இறாலோடு கூடி வாழும் கோபி மீன். கூடவே ஒரு பிஸ்டல் இறால், அது மீன் கணக்கில் வராது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் மணலில் வளை தோண்டுவதில் கெட்டிக்காரன். கோபிக்குத் தோண்டத் தெரியாது, பார்வை கூர்மை. இரண்டும் ஒரே வளையில் குடித்தனம். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையைக் கோபியின் மேல் வைத்தபடியே வரும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு தரம் நடுக்கும், இறால் உள்ளே. அடுத்த நடுக்கத்துக்குக் கோபியும் உள்ளே. டி.வி. சீரியலை நிறுத்திவிடுவீர்கள்.

நாலாவது வேண்டுமென்றால் ஃபயர்ஃபிஷ். சாதுவான மீன், ஆனால் பயந்தால் தொட்டியைத் தாண்டிக் குதிக்கும். மேலே வலை மூடி போடாதவர்கள் காலையில் தரையில்தான் பொறுக்க வேண்டும்.

கே: மாண்டரின் மீன்?
– வாசகி, புதுச்சேரி

ப: அழகுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. பாறையில் ஊரும் பொடிப் பூச்சிகளைப் பொழுதெல்லாம் கொத்தித் தின்னும் மீன் அது. சின்னத் தொட்டியில் இரண்டு வாரத்தில் பூச்சி தீர்ந்துவிடும். பிறகு உங்கள் கண்முன்னால் பட்டினி கிடந்து சாகும்.

கே: ராமேஸ்வரம் பக்கம் உயிருள்ள பவளம் எடுத்து வரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ப: தொட்டிக்கு அழகு, உங்களுக்குச் சிறை. கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கின்றன. கடல் குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சூளையில் சுட்ட செராமிக் பாறை வாங்கி அடுக்குங்கள், நீமோ குறை சொல்லாது.

கே: இங்கே கடையில் அனுமதியோடு பவளம் கிடைக்கிறது. எந்த மீனை ஒதுக்க வேண்டும்?
– வாசகி, சிங்கப்பூர்

ப: வண்ணத்துப்பூச்சி மீன். அவற்றில் பல இனங்களுக்குப் பவளம்தான் சாப்பாடு. வாங்கி வைத்தது அலங்காரம் என்று அதற்குத் தெரியாது.

கே: சென்னை வெயிலில் தாங்குமா?
– வாசகர், அம்பத்தூர்

ப: தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில்லர் விலை கேட்டு மயங்கியவர்கள், நீர்ப்பரப்பில் படுமாறு சிறு மின்விசிறி வைக்கலாம், 2 டிகிரி இறங்கும். சித்திரை, வைகாசிக்கு அது போதாது; ஏ.சி. அறையோ சில்லரோ வேண்டும். விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் நாலே நாளில் ஊறுகாய்.

கே: இவ்வளவு செலவு பண்ணுகிறீர்களே, குழம்புக்காவது ஆகுமா என்கிறாள் மனைவி.
– பெயர் போடாதீர்கள், தாம்பரம்

ப: குழம்புக்குக் காசிமேடு, தொட்டிக்குக் கொளத்தூர். வழி மாற்றிப் போகாதீர்கள்.

கே: தண்ணீர் தயார். ஞாயிறு கடைக்குப் போகிறேன். கடைசியாக ஒரு யோசனை?
– வாசகர், ஓசூர்

ப: சாதுவை முதலில் விடுங்கள்: கோபி, பிறகு ஃபயர்ஃபிஷ், நீமோ ஜோடி கடைசியில். ஒவ்வொன்றையும் மூன்று, நாலு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேருங்கள். வெண்புள்ளி நோய்க்குப் போடுகிற தாமிர மருந்து இறாலைக் கொன்றுவிடும். பெரிய தொட்டியில் அதை ஊற்ற முடியாது. கடையில் பணம் எடுப்பதற்கு முன், உங்கள் எதிரில் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.